வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் ஓலை ஏட்டைப் படிச்சுப் பலன் சொல்ற நாடி பார்க்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

தங்கைக்கு வரன் தள்ளிக்கொண்டே போனது. செவ்வாய் தோஷம் என்று யாரோ சொல்லிவிட்டதால் அம்மாவோடு வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போனோம். அது செவ்வாய்த் தலம். கோயிலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, தரிசனம் நன்றாகவே ஆனது. வெளியே வந்ததும் ஓர் ஆட்டோக்காரர் எங்களை ஒட்டிக்கொண்டார். "அகத்தியர் நாடி, பரம்பரையா பாக்குறவங்க" என்று ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். எங்களிடம் அவர் ஆட்டோ கூலி வாங்கவே இல்லை. யார் கொடுத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெண் என்பதால் தங்கையின் இடது கட்டைவிரல் ரேகை எடுத்தார்கள். வெகுநேரம் காக்கவைத்து, ஒரு கட்டு ஏட்டோடு வந்து உட்கார்ந்தார் படிக்கிறவர். "ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். அப்பா பேர் வல்லெழுத்தில் தொடங்குமா? இல்லை. ஏடு புரளும். சாமி பேரா? ஆமா. முருகன் பேரா? இல்லை. பெருமாள் பேரா? ஆமா. கூடப்பிறந்தது ஒருத்தர்தானா? ஆமா. இப்படியே போய், அம்மா ஓரிடத்தில் பொறுமை இழந்து தன் பேரையே சொல்லிவிட்டார். அதுவும் வீட்டில் கூப்பிடும் பேர். ஆதாரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இருப்பது வேறு பேர். கொஞ்ச நேரத்தில் "கிடைச்சிடுச்சு" என்று ஓர் ஏட்டை எடுத்து ராகம் போட்டுப் பாடினார். பாட்டில் வந்தது அந்த வீட்டுப் பேர்! அகத்தியர் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து கேட்டிருக்கிறார் போல. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏட்டைப் போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டேன். "எடுத்தா பலிக்காது" என்றார்.

ஏட்டில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு காண்டம், அதாவது ஒரு பகுதி. பொதுக்காண்டத்துக்கு 500 ரூபாய்தான். கல்யாணம் ஏழாம் காண்டம், அதற்குத் தனிக் காசு. அதில் முற்பிறவிப் பாவம் வந்தது. பாவம் வந்தால் பதின்மூன்றாவதான சாந்தி காண்டம் பார்க்க வேண்டும். அதில் பரிகாரம் வந்தது: சில கோயில்கள், ஒரு மண்டல பூஜை. "நீங்க அலைய வேணாம், நாங்களே ஆள் வெச்சுப் பண்ணிடுறோம்" என்று 28,000 ரூபாய் கேட்டார்கள். ஜிபேயில் அனுப்பினோம். ரசீது கேட்டால், "சாமி காரியத்துக்கு ரசீதாம்மா?"

வைகாசிக்குள் முடியும் என்றார்கள். முடியவில்லை. போன் செய்தால் "நம்பிக்கையோட இருந்தீங்களா?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். அடுத்து தீட்சை காண்டம் பார்க்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றதும் குரல் மாறியது: "பொண்ணுக்குக் கண்டம் இருக்கு, அப்புறம் எங்களைச் சொல்லாதீங்க." காண்டம் படிக்கப் போய்க் கண்டம் வாங்கி வந்த கதை இதுதான்.

இவர்கள் பேச்சில் ஒன்றைக் கவனியுங்கள். "நான் சொல்றேன்" என்று ஒரு தடவைகூட வாயில் வராது. "ஏட்டுல வருது", "அகத்தியர் வாக்கு", "நான் படிக்கிறவன்தான்". பலித்தால் காசு அவருக்கு, பலிக்காவிட்டால் பழி முனிவருக்கு. ஜோசியம் என்றால் ஜாதகக் கட்டம் நம் கையில் இருக்கும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் காட்டிக் கேட்கலாம். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று சண்டைகூடப் போடலாம். குறி கேட்டால் தட்டில் ஏதோ போட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம். குடுகுடுப்பைக்காரர் "நல்ல காலம் பொறக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு பழைய துணியோடு போய்விடுவார். சங்க நூலான முல்லைப்பாட்டில் வயதான பெண்கள் விரிச்சி, அதாவது தற்செயலாகக் காதில் விழும் நற்சொல், கேட்கப் போகிறார்கள். ஒரு நாழி நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கும்பிட்டு நிற்க, இடைப்பெண் ஒருத்தி கன்றிடம் "உங்கள் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள்" என்பது காதில் விழுகிறது. அதையே நற்சொல்லாக எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். மொத்தச் செலவு அவ்வளவுதான். நாடியில் ஏடு உங்கள் கைக்கு வராது, அதைச் சரிபார்க்க வழியும் கிடையாது. கேள்வி கேட்கவும் பதிலை எழுதிக்கொள்ளவும் அவர்கள், வாயைத் திறக்க மட்டும் நாம்.

அப்படியும் போய்த்தான் ஆவேன் என்றால், "ஆமா, இல்லை" தவிர ஒரு சொல் கூடுதலாகச் சொல்லாதீர்கள். ஒன்றிரண்டு கேள்விக்கு வேண்டுமென்றே தப்பான பதில் சொல்லிப் பாருங்கள், அந்தத் தப்பும் பாட்டில் வருகிறதா என்று தெரிந்துவிடும். எல்லாக் காண்டத்துக்கும் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். பரிகாரம் செய்வதாக இருந்தால் நீங்களே கோயிலுக்குப் போய், அங்கே கவுண்டரில் சீட்டு வாங்கிச் செய்யுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் ஸ்கிரீன்ஷாட்டையும் அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் அழிக்காதீர்கள். போனிலேயே பேசி ஆன்லைனில் பிடுங்கியிருந்தால் உடனே 1930-க்கு அடியுங்கள். நேரில் ஏமாந்திருந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். முன்பு 420 என்று சொல்வோமே, அந்த மோசடிப் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318.

நாங்களும் எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் ஒரு பைசா திரும்பி வரவில்லை. வேறு வேறு நம்பரிலிருந்து அம்மாவுக்குப் போன் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. "உங்க பொண்ணு ஏட்டுல இன்னொரு விஷயம் வந்திருக்கு" என்று ஆரம்பித்தால் அது இந்தக் கூட்டம்தான், வைத்துவிடுங்கள்.