‘அன்லிமிடெட்’ தீர்ந்த பிறகு: ஃபைபர், ஏர்ஃபைபர், கேபிள்காரர் இணைப்பு

புது இணைப்பு எடுக்கும்போது எல்லோரும் “எத்தனை எம்பிபிஎஸ்?” என்றுதான் கேட்கிறார்கள். மாதத்துக்கு எத்தனை ஜிபி, அது தீர்ந்த பிறகு என்ன வேகம் என்பதை முதலில் கேளுங்கள்.

2020-இல் ஜியோ ரூ.399-க்கும் பிஎஸ்என்எல் ரூ.449-க்கும் 30 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளான் கொண்டுவந்தன. ஏர்டெல் ரூ.499-க்கு 40 கொடுத்தது. ஜிஎஸ்டி தனி. மூன்றிலும் ‘அன்லிமிடெட்’ என்றால் மாதம் 3,300 ஜிபி, அதாவது ஒரு நாளைக்கு 110. எச்டி வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3 ஜிபி இழுக்கும். மூன்று டிவி பன்னிரண்டு மணி நேரம் ஓடினால்தான் அந்த 110 தீரும். சாதாரணக் குடும்பத்துக்கு இது தாராளம்.

ஏர்ஃபைபரில், அதாவது கம்பியில்லாமல் 5ஜி சிக்னல் வழியாக வீட்டுக்கு வரும் இணைப்பில், ஜியோவும் ஏர்டெல்லும் வைத்த அளவு மாதம் 1,000 ஜிபி. அதே மூன்று டிவி நாலு மணி நேரம் ஓடினால் அன்றைய பங்கு காலி. தெருவில் ஃபைபர் இருந்தால் அதையே எடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

கேபிள்காரர் இணைப்பில் நான் பட்டிருக்கிறேன். மாதக் கடைசியில் மகளின் ஆன்லைன் வகுப்பு, ஆசிரியர் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றது. அளவு முடிந்துவிட்டதாம். ஒரு எஸ்எம்எஸ் கூட வரவில்லை. கம்பிவழி பிராட்பேண்டில் 50, 90, 100 சதவீதத்தில் தகவல் சொல்ல வேண்டும், அளவு தீர்ந்தாலும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்கு (சுமார் அரை எம்பிபிஎஸ்) கீழே போகக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. அது தெரியாமல் கூடுதல் டேட்டாவுக்குப் பணம் கட்டினேன். இன்றும் மனசு ஆறவில்லை.

எந்த இணைப்பானாலும் புகார் செய்யும் உரிமை ஒன்றுதான். முதலில் வாடிக்கையாளர் மையத்தில் புகார் எண் வாங்குங்கள். சரியாகாவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது, அங்கே எழுதிக் காத்திருக்காதீர்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. தொலைத்தொடர்பு வழக்கையும் அங்கே கொண்டுபோகலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அளவுக்கு மீறிய டெபாசிட், காரணமில்லாமல் ஒருதலையாக ஒப்பந்தத்தை முடிப்பது போன்ற நிபந்தனைகளை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்கிறது. அதற்குப் போக வேண்டியது மாநில ஆணையம்.

பணம் கட்டும் அன்றைக்கே பிளான் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அடியில் இருக்கும் பொடி எழுத்தோடு சேர்த்து.