மேசை மேல் ஒரு ராமன் கருவி: கிராஃபீனுக்குப் போதுமா?

கிராஃபீன் (ஓரிரு அணு அடுக்கே தடிமனுள்ள கார்பன் தாள்) பார்ப்பதற்கென்றே எங்கள் ஆய்வகத்தில் சின்ன ராமன் நுண்ணோக்கி ஒன்று வாங்கினோம். லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் நிற மாற்றத்திலிருந்து பொருளின் அணு அதிர்வுகளைக் காட்டும் கருவி இது. 532 நானோமீட்டர் பச்சை லேசர், 100 மடங்கு லென்ஸ். குறைகளும் சொல்லப் போவதால் கம்பெனி பெயர் வேண்டாம்.

முதலில் நல்லது. கிராஃபைட்டிலிருந்து டேப்பால் உரித்த துண்டைச் சிலிக்கான் மேல் ஒட்டிக் குவித்தால், சில வினாடிகளில் 1580 செ.மீ.⁻¹ (அந்த நிற மாற்றத்தை அளக்கும் அலகு) அருகே ஜி எனப்படும் முகடும் 2700-க்குச் சற்றுக் கீழே 2டி முகடும் எழுகின்றன. ஒற்றை அடுக்கென்றால் 2டி முகடு ஜி-யைவிட நன்றாக உயர்ந்து, ஒரே வளைவாக, ஒடுக்கமாக இருக்கும். இரட்டை அடுக்கில் அதுவே அகன்று ஒரு பக்கம் தோள் தள்ளி நிற்கும். அந்த வடிவத்தைக் கணக்கில் பொருத்த நான்கு வளைவுகளைக் கூட்ட வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கருவி தெளிவாகவே காட்டுகிறது. 1350 பக்கம் டி முகடு தலைகாட்டினால் படிகத்தில் பழுது இருக்கிறது, இல்லையென்றால் லேசர் துண்டின் ஓரத்தைத் தொடுகிறது.

அப்புறம் குறைகள். மேடை மெல்ல நகர்கிறது. துண்டைப் புள்ளி புள்ளியாக அளந்து நீண்ட வரைபடம் எடுத்தால் பாதியிலேயே குவியம் போய்விடும். அதைவிட எரிச்சல் லேசர் திறன். கிராஃபீனுக்கு 1 மில்லிவாட்டுக்குக் கீழே வைப்பது நல்லது. சூடேறினால் ஜி முகடே இடம் மாறும். இதிலோ ஒரு படி மங்கல், அடுத்த படி சூடு, நடுவில் ஒன்றுமில்லை. மென்பொருள் கேட்காமலே பின்னணியைக் கழிக்கிறது. அதை முதலில் அணைத்துவிடுங்கள்.

லேசர் ஒளியைத் தடுக்கும் வடிகட்டி 100 செ.மீ.⁻¹-க்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டுவதால், அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் அதிர்வு (கிராஃபைட்டில் சுமார் 43) தெரியவே தெரியாது. அடுக்குகளை எண்ணுவதற்கு மட்டும் என்றால் வாங்கலாம், சரி. தாழ் அதிர்வுகள் வேண்டுமென்றால் வேறு கருவி பாருங்கள்.