மூன்று கார்த்திகைகள், ஒரு திருத்தப் பத்திரம்

எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு கார்த்திகையும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பார். “தம்பி, சம்பளத்திலும் வரி பிடிக்கிறார்கள், வட்டியிலும் பிடிக்கிறார்கள். பிறகென்ன பத்திரம்?”

2023 இல் நானும் இதே கேள்வியோடுதான் இருந்தேன். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து நகரத்துக்குப் போய் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவன் நான். அப்பா விட்டுச்சென்ற காசு நிலையான வைப்பில் கிடக்கிறது. வேறு வருமானம் இல்லை. இப்படிப்பட்ட ஒருவனுக்கு வருமான வரிப் பத்திரம் நிரப்புவது அரை நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று முறை இணையவழியில் சமர்ப்பித்து, ஒரு முறை திருத்திய பிறகு இதை எழுதுகிறேன். அரை நாளில் முடிந்தது மூன்றாவது முறைதான்.

முதலில் தபாலதிபருக்குச் சொல்லவேண்டிய பதில். வட்டியில் வங்கி பிடிப்பது இறுதி வரி அல்ல, முற்பணம். 2023 ஜனவரியில் இருந்து அது 5 வீதமாக இருந்தது. வருமானம் கூடக் கூட வரி வீதமும் படிப்படியாக ஏறும். உங்கள் சம்பளம் அப்போதைய 12 வீதப் படியிலோ 18 வீதப் படியிலோ நின்றால், வட்டியும் அதன் மேலே ஏறி அந்தப் படியிலோ அடுத்த படியிலோ உட்காரும். மிச்சத்தைக் கட்டவேண்டியவர் நீங்கள். அலுவலகத்துக்கு உங்கள் வைப்பு தெரியாது, வங்கிக்கு உங்கள் சம்பளம் தெரியாது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் தாள்தான் அந்தப் பத்திரம்.

என் 2023/24 மதிப்பாண்டின், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரையான வரி வருடத்தின், கணக்கையே தருகிறேன். சம்பளம் மாதம் 165,000 ரூபா, வருடத்துக்கு 1,980,000. வரி இல்லாமல் விடும் தொகையான தனிநபர் நிவாரணம் 1,200,000 போக 780,000. முதல் ஐந்து இலட்சத்துக்கு 6 வீதம், மீதி 280,000 க்கு 12 வீதம். மொத்தம் 63,600 ரூபா. அலுவலகம் மாதம் 5,300 வீதம் பிடித்ததும் சரியாக அவ்வளவுதான். இதுவரை சரி. இனி வட்டி 400,000 ரூபாவைச் சேருங்கள். வரிக்குரிய வருமானம் 1,180,000 ஆகிறது. முதல் ஐந்து இலட்சத்துக்கு 30,000, அடுத்த ஐந்து இலட்சத்துக்கு 60,000, அதற்கு மேலே 180,000 க்கு 18 வீதம் 32,400. கூட்டினால் 122,400. அலுவலகம் பிடித்த 63,600 ஐயும் வங்கி பிடித்த 20,000 ஐயும் கழித்தாலும் 38,800 ரூபா கையில் இருந்து கட்டவேண்டும். “பிடித்துவிட்டார்கள்தானே” என்று இருந்தவனுக்கு இது சின்ன அடி அல்ல.

ஆனால் என் முதல் பத்திரம் அதற்கு முந்திய வருடத்துக்கானது. 2022/23 ஐப்போல ஒரு வருடம் தொடக்கக்காரனுக்கு வாய்க்கக் கூடாது. 2022 டிசெம்பரில் சட்டம் திருத்தப்பட்டதால் அந்த ஆண்டு இரண்டு துண்டானது. ஏப்ரல் முதல் டிசெம்பர் வரையான ஒன்பது மாதத்துக்கு நிவாரணம் 2,250,000; ஜனவரி முதல் மார்ச் வரையான மூன்று மாதத்துக்கு வெறும் 300,000. வரி வீதங்களும் வேறு. என் வைப்பு பெப்ரவரியில் முதிர்ந்தது. ஒரு வருட வட்டி முழுவதும் இரண்டாவது துண்டில் வந்து விழுந்தது. நான் அதை நாட்கணக்காகப் பிரித்து, பெரும்பகுதியை முதல் துண்டில் போட்டு, வரியே இல்லை என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். வட்டி கைக்கு வந்த திகதிதான் கணக்கு என்று அலுவலகத்துக் கணக்காளர் அக்கா சொன்னபோது பத்திரம் இன்னும் அனுப்பப்படவில்லை. அந்த மட்டில் தப்பினேன்.

அனுப்பப்படாமல் இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அது என் புத்திசாலித்தனம் அல்ல. எல்லாவற்றையும் நிரப்பிச் சேமித்துவிட்டு, வேலை முடிந்தது என்று கணினியை மூடிவிட்டேன். சேமிப்பது வேறு, சமர்ப்பிப்பது வேறு. சேமித்த வரைவு உங்கள் கணக்கில் பத்து வருடம் கிடந்தாலும் அது பத்திரம் ஆகாது. சமர்ப்பித்ததற்கான ஏற்புச் சான்று திரையில் வரவேண்டும், அதைத் தரவிறக்கி வைக்கவேண்டும். நவம்பர் 30 கடைசி நாள். 29 ஆம் திகதி இரவு, மழைக்கு மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தச் சான்றைத் தேடும்போதுதான் எனக்கு இது உறைத்தது. நேரம் தவறினால் தண்டப்பணம் 400,000 ரூபா வரை போகலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அன்று இரவு என் மனைவி மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் கைத்தொலைபேசியின் இணைப்பில் சமர்ப்பித்தேன்.

கட்டும் நாளும் சமர்ப்பிக்கும் நாளும் ஒன்றல்ல என்பதையும் அந்த வருடம்தான் அறிந்தேன். மீதி வரிக்குக் கடைசி நாள் செப்டெம்பர் 30. அதற்கும் முன்னே ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணைகள் இருக்கின்றன. தவணை என்றால் கடை வைத்திருப்பவர்களுக்கு என்று நினைத்திருந்தேன். வட்டி வருமானம் உள்ள சம்பளக்காரனுக்கும் அது பொருந்தும். பிந்தினால் மாதத்துக்கு 1.5 வீதம் வட்டி ஏறும்.

இனி இரண்டாவது வருடம், திருத்தம்.

2023/24 பத்திரத்தை 2024 நவம்பரில் அனுப்பினேன். யாழ்ப்பாணம் முழுவதும் வெள்ளம் நின்ற அந்தக் கடைசி வாரத்துக்குச் சற்று முன்னர். ஏற்புச் சான்றும் கையில். நிம்மதியாக இருந்தேன். ஜனவரியில் மாமியின் வங்கிக் காகிதங்களை ஒழுங்கு செய்யும்போது என்னுடைய வைப்புச் சான்றிதழும் கூடவே வந்தது. அதில் வட்டி 400,000, பிடித்த வரி 20,000 என்று இருந்தது. என் பத்திரத்தில் வட்டி 380,000 என்று போட்டிருந்தேன். எங்கே இருந்து வந்தது இந்த 380,000? வங்கிப் புத்தகத்தில் இருந்து. பிடித்தது போகக் கணக்கில் விழுந்த தொகை அது. ஆனால் வங்கி பிடித்த வரியை வரவாகக் கோரிய இடத்தில் மட்டும் முழு 20,000 ஐயும் போட்டிருக்கிறேன். ஒரு கையால் குறைத்து மறு கையால் முழுதாக எடுத்திருக்கிறேன்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். 380,000 இல் 5 வீதம் 19,000. நான் கோரியதோ 20,000. பிடித்த வரியை வட்டியால் வகுத்துப் பாருங்கள்; அந்த வருடத்து 5 வீதத்துக்குக் கொஞ்சம் கூட வந்தால், பிடித்தது போன தொகையை மொத்தம் என்று எழுதிவிட்டீர்கள். இதை நான் அனுப்புவதற்கு முன் செய்திருந்தால் ஜனவரி மாதம் அமைதியாகப் போயிருக்கும்.

விடுபட்டது 20,000 ரூபா வருமானம், அதற்கு 18 வீதத்தில் 3,600 ரூபா வரி. இதற்காகத் திருத்துவதா? நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், “சும்மா கிடக்கிறதை ஏன் கிளறுகிறாய்?” திருத்தப் போனால் பழையதெல்லாம் தோண்டுவார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு பயம் இருக்கிறது. எனக்கு அந்தப் பயத்தில் நியாயம் தெரியவில்லை. வங்கி கொடுக்கும் கணக்கிலும் என் பத்திரத்திலும் இரண்டு எண்கள் இருக்கும்போது கேள்வி வருவதற்குக் காத்திருப்பதைவிட நானே போய்ச் சொல்வது மலிவு. 3,600 உம், ஏறியிருந்த இருநூற்றுச் சொச்சம் வட்டியும் கட்டினேன்.

திருத்தும்போது நான் பார்த்தவை. திருத்தப் பத்திரம் என்பது பிழையான இடத்தை மட்டும் அனுப்புவது அல்ல, முழுப் பத்திரமும் புதிதாகப் போகிறது. ஆகவே ஒரு எண்ணை மாற்றிவிட்டு மற்ற அட்டவணைகளைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. பழைய பத்திரத்தின் பிரதியை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாற்றிய இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று நான்கு வரியில் ஒரு குறிப்பும் எழுதிக் கோப்பில் வைத்தேன். ஒரு வருடம் கழித்து யாராவது கேட்டால் எனக்கே நினைவிருக்காது.

அப்படி ஒவ்வொரு அட்டவணையாகப் பார்க்கும்போதுதான் இரண்டாவது பிழையும் அகப்பட்டது. சொத்துகளும் கடன்களும் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டை என் பெயரில் காட்டியிருந்தேன். அது மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு, உறுதி அவருடைய பெயரில். “என் வீட்டை எப்போது எழுதி எடுத்தீர்கள்?” என்று கேட்டார் மனைவி. எங்கள் ஆட்கள் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (திருமணத்துக்குப் பின் தேடியது) என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவதில் கெட்டிக்காரர்கள். பத்திரத்தில் மட்டும் எல்லாம் ஆண் பெயரில் போய்விடுகிறது. உறுதியை எடுத்துப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

இந்தச் சொத்துப் பகுதியை இங்கே பலர் அசட்டையாக நிரப்புகிறார்கள். மார்ச் 31 அன்று இருந்த வங்கி இருப்பு, வாகனம், நகை, காணி, கடன் எல்லாம் அதில் வரும். கனடாவில் இருக்கும் அக்கா அம்மாவின் வைத்தியச் செலவுக்கு அனுப்பும் காசு என் கணக்கில்தான் வந்து விழுகிறது. அது என் வருமானம் அல்ல. ஆனால் சம்பளத்தை மிஞ்சி இருப்பு ஏன் கூடியது என்று கேட்டால் அதுதான் பதில். வங்கி தரும் வரவு அறிவித்தல்களை இப்போது ஒரு சாக்லேட் டப்பாவில் சேர்த்து வைக்கிறேன்.

வருடச் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி அலுவலகம் தரும் ரி-10 சான்றிதழில் ஒரு முறை பிரச்சினை வந்தது. மார்ச் மாத மேலதிகக் கொடுப்பனவை ஏப்ரலில்தான் தந்தார்கள். சான்றிதழில் அது எந்த ஆண்டில் இருக்கிறது என்று பார்க்காமல், சம்பளச் சிட்டைகளைக் கூட்டி நான் ஒரு தொகை எழுதினேன். சான்றிதழும் என் கூட்டலும் ஒத்துவரவில்லை. இப்படி வந்தால் பத்திரத்தில் நீங்களே ஒரு நடுத்தொகையைக் கண்டுபிடிக்காதீர்கள். சான்றிதழ் பிழை என்றால் அதைத் திருத்தி வாங்குங்கள், சரி என்றால் அதையே எழுதுங்கள்.

காசு கட்டும்போது வேறொரு பிழை விட்டேன். செலுத்தும் சிட்டையில் வரி வகைக்கும் காலத்துக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. காலக் குறியீட்டில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் காசு அரசாங்கத்துக்குப் போகும், ஆனால் வேறு வருடத்தில் போய் உட்காரும். உங்கள் பெயரில் நிலுவை நிற்கும். எனக்கு நினைவூட்டல் கடிதம் வந்தபோது முதலில் கோபம் வந்தது, சிட்டையின் பிரதியைப் பார்த்தபோது வெட்கம் வந்தது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்குச் சிட்டையோடும் ஒரு கடிதத்தோடும் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டு, சரியான காலத்துக்கு மாற்றும்படி கடிதத்தில் எழுதச் சொன்னார். சிட்டைப் பிரதி இல்லாமல் போயிருந்தால் கதை வேறு.

பெயர் பிரச்சினையும் கொஞ்சம் இருக்கிறது. என் அப்பாவின் பெயர் ஆங்கில எழுத்தில் என் அடையாள அட்டையில் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம், வரி அடையாள இலக்கச் சான்றிதழில் இன்னொரு விதம். அடையாள அட்டை இலக்கமும் பழையது ஒன்பது எண்ணும் எழுத்தும், புதியது பன்னிரண்டு எண். பழையதன் முன்னால் 19 சேர்த்து, ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு ஒரு பூச்சியத்தைப் போட்டு, கடைசி எழுத்தை விட்டால் புதியது வரும். இரண்டும் ஒரே ஆள் என்று மனிதருக்குப் புரியும், எழுதப்பட்டபடியே பார்க்கும் பதிவேட்டுக்குப் புரியாமல் போகலாம். வங்கியில் கொடுத்த இலக்கமும் வரிப் பதிவில் உள்ளதும் ஒன்றா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதோடு, 2024 ஜனவரி 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பதியவேண்டும் என்று வந்தபோது, இலக்கம் எடுத்தாலே வரி கட்டவேண்டும் என்று பலர் பயந்து ஓடினார்கள். பதிவு வேறு, வரி வேறு.

மூன்றாவது பத்திரத்தை, 2024/25 க்கானதை, ஒக்டோபரிலேயே அனுப்பிவிட்டேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஏப்ரலிலேயே கோப்பு தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

இனி வருவதுதான் எனக்கு வேடிக்கை. 2025 ஏப்ரல் 1 முதல் நிவாரணம் 1,800,000 ஆகிவிட்டது, முதல் படி பத்து இலட்சத்துக்கு 6 வீதம். ஆனால் வட்டியில் பிடிப்பது 10 வீதம். அதே சம்பளம், அதே வட்டி என்று வைத்தால் எனக்கு முழு வரி 34,800. அலுவலகம் பிடிப்பது 10,800, வங்கி பிடிப்பது 40,000. இந்த முறை 16,000 ரூபா எனக்குத் திரும்பி வரவேண்டும். தபாலதிபரின் கேள்விக்கு இப்போது பதில் மாறிவிட்டது. பத்திரம் அனுப்பாவிட்டால் நட்டம் எனக்குத்தான்.

மாமியின் நிலைமை இன்னும் தெளிவு. அவருக்கு வைப்பு வட்டி தவிர வருமானம் இல்லை, வருடத்துக்கு 360,000 ரூபா. பிடித்தால் 36,000 போகும், பிறகு மீளளிப்புக்கு அலையவேண்டும். வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் வரி அடையாள இலக்கத்தோடு வங்கியில் சுய பிரகடனம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். மாமிக்கு இலக்கம் எடுத்தாகிவிட்டது. வைப்பு அடுத்த புதன்கிழமை முதிர்கிறது. படிவத்தில் கையெழுத்து வைத்துத் தரச் சொன்னேன், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.