ஊற்றுக்கு மேலே எந்த மரம்? டர்பன்டைனா, பைனஸா, நாட்டுக் கன்றா, தானாக வரும் காடா

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி. பீலிக்கு மேலே ஊற்று. ஊற்றுக்கு மேலே இரண்டு ஏக்கர் சரிவு. இலங்கை மலையகத்தில் அப்புத்தளைப் பக்கம், ஏறக்குறைய 4500 அடி உயரம். அந்தச் சரிவில் என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்திருக்கிறார். பிறகு விளைச்சல் போதாது என்று தோட்டம் அந்த மலையைக் கைவிட்டது, மானாப்புல் ஏறியது. ஜூலை, ஆகஸ்ட் காற்றில் எங்கிருந்தாவது ஒரு நெருப்பு வந்து புல்லை எரித்துவிட்டுப் போகும். அடுத்த மழைக்கு பீலியில் செம்மண் தண்ணீர் வரும். மழை நின்று மூன்று வாரமானால் நூல் மாதிரி ஒழுகும்.

மேலே மரம் வேண்டும் என்பதில் எங்கள் குடிநீர்ச் சங்கத்தில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த மரம், யார் பார்ப்பது என்பதில்தான் இழுபறி. நான்கு வழிகள் பேசப்பட்டன. இரண்டை நாங்களே செய்து பார்த்தோம், மற்ற இரண்டை அக்கம்பக்கத்து மலைகளில் பார்த்தோம். இப்போது வேறு தோட்டங்களில் இருந்தும் இதே கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நெருப்பைத் தடுத்து, இருக்கிற கன்றைக் காத்து, காட்டைத் தானாக வரவிடுவது. ஆனால் அது எல்லா மலைக்கும் பொருந்தாது.

முதலில் டர்பன்டைன். தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம், புத்தகப் பெயர் யூகலிப்டஸ். தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே கொண்டுவந்த மரம். வேகமாக வளரும், வெட்டினால் துளிர்க்கும், தூணுக்கும் பலகைக்கும் விலை போகும். இதையெல்லாம் எல்லோரும் அறிவார்கள். ஊற்றுக்கு மேலே மட்டும் வேண்டாம். அத்தனை வேகமாக வளரும் மரம் மண்ணிலிருந்து இழுக்கும் தண்ணீரும் அதிகம். அதோடு, விற்பதற்காக வைத்த மரம் ஒருநாள் மொத்தமாக வெட்டப்படும். அன்று சரிவு மறுபடி மொட்டை. ஆனால் ஊற்றை விட்டுத் தள்ளி, ரோட்டோரம், விறகுக்கென்று ஒரு துண்டு நிலத்தில் அது இருக்கத்தான் வேண்டும். கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது விழும் குச்சி, வருடம் முழுக்கக் கிடைக்காது. அடுப்புக்கு வேறு வழி இல்லாவிட்டால் கத்தி காட்டுக்குத்தான் போகும்.

பைனஸை, அதாவது பைன் மரத்தை, பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மலையகத்தில் இன்று பலர் அதைத் திட்டுகிறார்கள். 1970களிலும் 80களிலும் மகாவலி ஆற்றின் மேல் நீரேந்துப் பகுதிகளில் அதை வைத்தவர்களுக்குக் காரணம் இருந்தது. கழுவுண்டு போன பழைய தேயிலை மலை, எரிந்த புல்வெளி, கீழே புதிதாகக் கட்டும் நீர்த்தேக்கங்கள். அந்த மண்ணில் வேறு எதுவும் சீக்கிரம் பிடிக்காத இடத்தில் பைனஸ் பிடித்தது. ஆனால் ஊசி இலை லேசில் மக்காது. காலடியில் மெத்தை மாதிரி சேர்ந்து, காய்ந்த மாதத்தில் ஒரு தீக்குச்சிக்குக் காத்துக் கிடக்கும். பிசின் மரம் வேறு. தியத்தலாவைப் பக்கம் மலை எரிவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்கெனவே பைனஸ் நிற்கிற மலை என்றால் அதை மொத்தமாக வெட்டச் சொல்லி மனுக் கொடுக்காதீர்கள். சிங்கராஜ வனத்தின் விளிம்பில் 1970களின் கடைசியில் வைத்த பைனஸ் காட்டில், 1991இல் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சாவித்ரி குணதிலக்க, நிமல் குணதிலக்க, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டன் ஆகியோர் செய்த வேலை அது. சில வரிசைப் பைனஸை எடுத்து வெளிச்சம் விட்டு, அந்த இடைவெளியில் காட்டு மரக் கன்றுகளை வைத்தார்கள். மூடிக் கிடந்த நிழலில் வைத்ததைவிட, வரிசை திறந்த இடத்தில் கன்றுகள் நன்றாக வந்தன. அந்நிய மரம் என்று பழி சுமந்த பைனஸ், அங்கே நாட்டு மரத்துக்குத் தாதியாக நின்றது. எனக்கு அதில் பிடித்த விஷயம், மரத்தை வைத்த வனத் திணைக்களமும் கேள்வி கேட்ட ஆய்வாளர்களும் ஒரே மலையில் நின்றார்கள் என்பது. வரிசையை எடுக்க அனுமதி வேண்டும், எந்த வரிசை என்று தெரிய அறிவு வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது அங்கே நடந்திருக்காது.

ஆனால் சிங்கராஜ தாழ்ந்த பகுதி, வருடம் பூராவும் ஈரம். எங்கள் ஊவா மாகாணத்தின் காய்ந்த காற்றில் அதே முறை அப்படியே பலிக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பக்கத்து மலையில், சில வருடமாக நெருப்புப் போகாத ஒரு பைனஸ் துண்டுக்குள் நாட்டுக் கன்றுகள் எட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

மூன்றாவது, நாட்டு மரக் கன்று நடுவது. இதைத்தான் நாங்கள் முதலில் செய்தோம். ஒரு நிறுவனம் லொறியில் 400 கன்று கொண்டுவந்தது. பேனர் கட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், பணிஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். ஒரே காலையில் நட்டு முடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், அன்றைய சந்தோஷம் உண்மையானது. கன்றுகளில் பாதி கும்புக். ஆற்றோரத்தில், வெப்பமான தாழ்நிலத்தில் நிற்கிற மரம் அது. 4500 அடியில் மானாப்புல்லுக்கு நடுவில் அதற்கு என்ன வேலை என்று அன்று எங்களில் யாரும் கேட்கவில்லை. நாற்றுமேடையில் அதுதான் இருந்திருக்கும்.

அடுத்த வருடம் புல் கன்றைவிட உயரம். அதற்கடுத்த ஆகஸ்டில் நெருப்பு வந்தது. மழை வந்த பிறகு ஏறி எண்ணினேன். 31 கன்று உயிரோடு இருந்தது. நிறுவனத்துக்கு அறிவித்தோம். அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, பணம் நடுவதற்கு மட்டும்தான் ஒதுக்கியது என்றார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. கணக்கில் இன்னும் 400 மரம் நிற்கிறது.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் நான்காவது வழி எங்களுக்குத் தெரிந்தது. வனத் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரும், ஆய்வுக்கு வந்த ஒரு பல்கலைக்கழக மாணவியும் சேர்ந்து சரிவைப் பார்க்க வந்தார்கள். இங்கே ஒன்றுமில்லை, வெறும் புல் என்றேன். அந்தப் பிள்ளை பதில் சொல்லவில்லை. பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் கயிறு பிடித்தாள். உள்ளே குனிந்து இரண்டு கையாலும் மானாவை விலக்கினாள். முழங்கால் உயரத்தில் கெந்த என்கிற காட்டு மரத்தின் கன்று ஒன்று. காம்பு இலையின் ஓரத்தில் சேராமல் நடுவில் வந்து குத்தி நிற்கும், குடை பிடித்த மாதிரி. அதில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினாள். நாலடி தள்ளி நாவல் இனத்தில் ஒன்று, அதற்கும் ரிப்பன். எரிந்த அடிக்கட்டையில் இருந்து துளிர்த்தது ஒன்று. அந்தச் சதுரத்துக்குள் மட்டும் பதினொரு ரிப்பன் ஆடியது. நாங்கள் 400 குழி வெட்டியபோது இவற்றில் எத்தனையை மம்பட்டியால் கொத்திப் போட்டோமோ என்று நெஞ்சு அடைத்தது.

யார் வைத்த கன்று இது? மேலே தங்கமலைப் பக்கத்துக் காட்டில் பழம் தின்ற குருவி வைத்தது. அந்தக் காடு மிஞ்சியதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. 1873இல் கியூ தாவரவியல் பூங்காவின் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலே உள்ள மலைக்காட்டைத் தொட வேண்டாம் என்று பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை சொன்னார். அரசு அதை ஆணையாக்கியது. ஹோர்டன் சமவெளிக் காடுகள் கோப்பிக்கும் தேயிலைக்கும் தப்பியதில் அந்த ஆணைக்குப் பங்கு உண்டு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த காட்டை எங்கள் பாட்டன்மார் கையில் கத்தி கொடுத்துத்தான் வெட்டவைத்தார்கள். எங்கள் சரிவு கோட்டுக்குச் சற்றுக் கீழே. அதனால்தான் எங்களுக்கு மேலே இன்னும் விதைக்காடு இருக்கிறது, அதனால்தான் எங்களுக்கு நான்காவது வழி இருக்கிறது. சுற்றிலும் மைல் கணக்கில் தேயிலை மட்டுமே உள்ள மலையில் குருவி எங்கிருந்து விதை கொண்டுவரும்? அங்கே நடத்தான் வேண்டும்.

வேலை என்னவென்றால் இவ்வளவுதான். சரிவைச் சுற்றி பதினைந்து அடி அகலத்துக்குப் புல்லை வேரோடு வழித்து, நெருப்பு தாண்டாதபடி பயர் பெல்ட் போடுவது. ரிப்பன் கட்டிய கன்றைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குப் புல் வெட்டுவது. மாடு, ஆடு ஏறாமல் பார்ப்பது. பிலிப்பைன்ஸில் புல்லை வெட்டாமல் பலகையால் மிதித்து அமுக்குவார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். முயன்றோம், தூர் கட்டும் மானா ஒரு மழைக்கு மறுபடி நிமிர்ந்துவிட்டது. வெட்டத்தான் வேண்டியிருந்தது.

சரிவில் கவ்வாத்தில்லாமல் மரமாகிவிட்ட பழைய தேயிலை முப்பது, நாற்பது நின்றது. அதை விறகுக்கு எடுப்போம் என்று இளைஞர்கள் கத்தியோடு போனபோது என் பெரியம்மா மறித்தார். “அதுல கைய வைக்காதீங்க தம்பி. குருவி உக்கார வேற எடம் இங்க எங்க இருக்கு?” அடுத்த வருடம் அந்தப் பிள்ளை வந்து எண்ணியபோது, புதுக் கன்று அதிகம் முளைத்திருந்தது அந்தத் தேயிலை மரங்களின் அடியில்தான். அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். ஐம்பது வருடம் அந்த மலையில் கொழுந்து எடுத்தவர் பெரியம்மா.

என் முடிவைத் தீர்மானித்தது மரத்தின் பெயரல்ல, மூன்றாம் வருடமும் புல் வெட்ட வேண்டிய கத்தி. கணக்கைப் பாருங்கள். நடும் நாளுக்கு நாற்பது பேர் இலவசமாக வந்தார்கள். ஆனால் பயர் பெல்ட் வழிக்க நாலு பேருக்கு மூன்று நாள், அது வருடத்தில் இரண்டு முறை. காற்றுக்கு முன் ஜூனில் ஒருதரம், ஜனவரி மழை விட்டதும் ஒருதரம். கன்றைச் சுற்றிப் புல் வெட்ட ஒருவருக்கு இன்னும் பத்து நாள். மொத்தம் முப்பத்து நாலு ஆள்நாள் சம்பளம், ஒவ்வொரு வருடமும். பேனரும் பணிஸும் இல்லாத அந்த முப்பத்து நாலு நாளுக்கு யாரும் இலவசமாக வரமாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை. கொழுந்து நாளை விட்டுவிட்டு வரும் பெண்ணுக்குக் கைக்காசு கொடுக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் தண்ணீர்க் காசு இருந்ததால் சமாளித்தோம். நட்ட கன்றாக இருந்தால் இந்த வேலை இன்னும் கூடும். பையில் வளர்ந்த வேர், மண்ணோடு பழக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வருடத்தில் மூன்று, நாலு தரம் புல் எடுக்க வேண்டும். தானாக வந்த கன்று தனக்கு ஏற்ற இடத்தில் ஏற்கெனவே வேர் ஊன்றி நிற்கிறது.

கொள்கை வகுக்கிறவர்களிடம் எனக்கு இருக்கும் மனக்குறை இதுதான். 2030க்குள் வனப்பரப்பை 32 சதவீதமாக்குவோம் என்று நாடு காலநிலை மாநாட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. 1990இல் இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது மாதிரியான துணிவான முடிவுகளையும் எடுத்த நாடு இது. ஆனால் கீழே வரும் திட்டங்களில் நட்ட கன்றுக்குத்தான் பணம். மூன்றாம் வருடம் நிற்கிற கன்றுக்கு இல்லை. அளக்கிறவனும் முடிவெடுக்கிறவனும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிரேசில் சாட்சி. செயற்கைக்கோளால் அமேசன் காடழிப்பை அடிக்கடி பார்த்து எச்சரிக்கும் முறையை அவர்களுடைய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2004இல் தொடங்கியது, அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகள் களத்தில் இறங்கினார்கள். அந்த வருடம் 27,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் இருந்த காடழிப்பு, 2012இல் 5,000க்கும் கீழே வந்தது. வேறு காரணங்களும் உண்டு, பிறகு மறுபடி ஏறியதும் உண்டு. எங்கள் இரண்டு ஏக்கருக்கு செயற்கைக்கோள் வேண்டாம். வருடம் ஒருதரம் ஒருவர் கயிறோடு வந்து எண்ணினால் போதும், அந்த எண்ணைப் பார்த்துக் காசு விட்டால் போதும்.

மிரஹவத்தைப் பக்கம் பெலிபொலவில் ரணில் சேனாநாயக்க 1980களில் இருந்து வளர்த்த, காட்டின் அடுக்கைப் போலப் பயன்தரு மரங்களை வைக்கும் முறையையும் சிலர் சொன்னார்கள். சொந்த நிலம் உள்ளவருக்கு அருமையான வழி. லயத்தில் இருக்கிற எங்களுக்குச் சரிவும் சொந்தமில்லை, லயமும் சொந்தமில்லை. பலா வைத்தால் பழம் யாருக்கு? நாங்கள் பயர் பெல்ட் போடுவதற்கே தோட்டத்திடமிருந்து கடிதம் வாங்க எட்டு மாதம் அலைந்தோம். உத்தியோகத்தர் கூட வந்து பேசிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

ஒரு எச்சரிக்கை. மண்சரிவு ஆபத்துள்ள சரிவு என்றால் இந்த நான்கில் எதையும் நம்பிக் கீழே குடியிருக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் புதைந்ததை நாங்கள் மறக்கவில்லை. மண்சரிவு ஆபத்தைப் பார்த்துச் சொல்லும் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சரிவைக் காட்டுங்கள். மரம் அதற்குப் பிறகு. அதேபோல், தேயிலையே ஏறாத பழைய இயற்கைப் புல்வெளி என்றால் அதில் மரம் வளர்க்கவே வேண்டாம், அது அப்படியே இருக்க வேண்டிய இடம். தேயிலைக் கட்டை கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.

எங்கள் சரிவில் இப்போது ஐந்தாம் வருடம். இரண்டாம் வருட ஆகஸ்டில் நெருப்பு வந்து பெல்ட்டில் நின்றது, அந்தப் பக்கம் கரி, இந்தப் பக்கம் பச்சை. கெந்த என் தலைக்கு மேலே. மழைக்குப் பீலியில் வரும் செம்மண் குறைந்திருக்கிறது. காய்ந்த மாதத்துத் தண்ணீர் கூடியதா என்று கேட்டால், மழையே வருடத்துக்கு வருடம் மாறுகிறதால் அடித்துச் சொல்லமாட்டேன். ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிடம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறோம். ஜூன் பெல்ட் வேலை வரும் சனிக்கிழமை. நாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பெரியம்மாவும் வருகிறார், ரிப்பன் வெளுத்துப் போன கன்றுகளுக்குப் புது ரிப்பன் கட்ட.