முல்லைப் பெரியாறு: சட்டமன்றமா, நீதிமன்றமா?

முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி, 136 அடியே உச்சவரம்பு என்றது. குமுளி மலைப்பாதையின் இருபுறமும் வாழும் தமிழர்களுக்கு அதிகாரப் பிரிவினை (சட்டமன்றமும் நீதிமன்றமும் தத்தம் எல்லைக்குள் நிற்பது) என்பது பாடப்புத்தகச் சொல்லன்று. அந்த ஆறடி நீர்தான்.

சட்டமன்றத்தின் பக்கம் உள்ள நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் உறங்குவோரின் அச்சத்துக்கு (அவர்களிலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பலர்) வாக்குக் கேட்டு வந்தவர்களே பதில் சொல்ல வேண்டும். ஆனால் அணை நீரை நம்பியிருக்கும், தமிழ்நாட்டுக் கம்பத்து உழவருக்கு அந்த மன்றத்தில் வாக்கில்லை. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே தீர்ப்பையும் எழுதினால் எதிர்த்தரப்பு எங்கே முறையிடும்?

நீதிமன்றமோ இரு மாநிலங்களையும் கேட்டது, வல்லுநர் குழுவின் ஆய்வைப் பெற்றது, எனினும் மிக மெதுவாக நடந்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்திருத்தத்தைச் செல்லாதென்றது: சட்டத்தின் அடிப்படையைச் சட்டமன்றம் மாற்றலாம், ஆனால் அணை பாதுகாப்பானது என்று சான்றுகளை ஆராய்ந்து நீதிமன்றம் கண்ட முடிவை, வெறும் அறிவிப்பால் அழிக்க முடியாது.

என் சாய்வு நீதிமன்றத்தின் பக்கமே, கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன் என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும் மதகைத் திறக்கும் கை நீதிமன்றத்துக்கு இல்லாததால், தீர்ப்பைச் செயற்படுத்த அன்று மூவர் மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைக்க வேண்டியிருந்தது.