உபயமா, கட்டளையா: தீவின் வாசலுக்கு எந்த வரவேற்புப் பலகை?

பெருநிலப் பக்கத்துப் பிறையில் டோல் கட்டி, முதல் பாலத்தில் ஏறி, பினாங்குத் தீவில் குளுகோர் பக்கம் இறங்குகிற காருக்கு ஒரு வரவேற்புப் பலகையைப் பார்க்க மூன்று விநாடி கிடைத்தாலே பெரிது. மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 22 மீட்டர். மூன்று விநாடியில் 66 மீட்டர் ஓடிவிடும். அதே தீவுக்குப் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் மோட்டார் சைக்கிளோடு வருகிறவர், கரையைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கிறார். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பலகையை வைத்தால் ஒருவருக்காவது அது வீண்.

சைன்போர்டு பட்டறையில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. பலகை கேட்டு வருகிறவர்கள் முதலில் டிசைனைப் பற்றிப் பேசுவார்கள், அப்புறம் விலையைப் பற்றி. ஐந்தாம் வருடம் இதை யார் கழுவுவது, யார் விளக்கு மாற்றுவது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரின் வாசலில் நிற்கப்போகும் பலகைக்கு அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். அதை வைத்துத்தான் இந்த அலசல்.

பினாங்குத் தீவுக்கு வாசல் ஐந்து. 1985ல் திறந்த முதல் பாலம், 2014ல் திறந்த இரண்டாம் பாலம், வெல்ட் கீ ஃபெரித் துறை, சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, பாயான் லெப்பாஸ் விமான நிலையம். விமான நிலையத்துக்குள் ஏற்கெனவே ஆயிரம் பலகைகள் கண்ணைப் பறிக்கின்றன. அங்கே இன்னொன்று தேவையில்லை என்பது என் கருத்து. மீதி நான்கைப் பற்றிப் பேசுவோம்.

முதல் யோசனையாக எல்லோரும் சொல்வது வளைவு. சாலைக்குக் குறுக்கே தோரண வாயில் கட்டினால் யாரும் தவறவிட முடியாது. நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து பெட்டாலிங் ஜெயா போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் நிற்கும் கோத்தா டாருல் எஹ்சான் வளைவு. சிலாங்கூர் தன் தலைநகரான கோலாலம்பூரை 1974 பிப்ரவரி 1ல் கூட்டரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, கொடுத்ததன் நினைவாக எழுந்தது அது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் தோரண வாயில் வேறு வகை. சாஞ்சி ஸ்தூபியின் வாயிலை ஒட்டி இந்திய அரசு அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்தது, 2015 நவம்பரில் திறந்தது. ஒன்றுக்கு மாநில வரலாறு பின்னணி, மற்றொன்றுக்கு இரு நாட்டு உறவு. இரண்டிலும் சொல்வதற்குக் கதை இருந்ததால் வளைவு பொருந்தியது.

குளுகோர் இறக்கத்தில் அப்படி ஒன்றைக் கட்ட முடியுமா? பாலமும் அதன் அணுகுசாலையும் மாநகர் மன்றத்தின் கையில் இல்லை. நெடுஞ்சாலை நிலத்தில் ஒரு கம்பம் நடுவதென்றாலும் கூட்டரசுத் தரப்பின் அனுமதி வேண்டும், பாலத்தை நடத்துகிற நிறுவனத்தின் ஒத்துழைப்பும் வேண்டும். அனுமதி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு விளக்கு அணைந்தால் ராத்திரியில் ஒரு தடத்தை அடைத்து, ஸ்கை லிஃப்ட் லாரி கொண்டுவந்து, ஆள் ஏற்ற வேண்டும். விளக்கின் விலையைவிட அதை மாட்டும் செலவு பல மடங்கு. அதனால்தான் வளைவுகளில் அணைந்த விளக்கு அணைந்தபடியே கிடக்கிறது. பாலங்களுக்கு வளைவு வேண்டாம்.

இரண்டாவது யோசனை விளம்பரம். ஒரு நிறுவனம் எல்இடி திரையோ பெரிய பலகையோ தன் செலவில் வைக்கும். மேலே ‘செலாமத் டாத்தாங்’ (மலாயில் நல்வரவு), கீழே அதன் விளம்பரம். மன்றத்துக்கு ஒரு காசு செலவில்லை, உரிமக் கட்டணமும் வரும். கணக்கில் இதை எதுவும் அடிக்க முடியாது. பராமரிப்பிலும் ஒரு நல்ல குணம் உண்டு, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விளம்பரம் ஓடுகிறவரை அந்தப் பலகை பளிச்சென்று இருக்கும், ஏனென்றால் இருட்டில் கிடக்கும் விளம்பரத்துக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

விளம்பரம் நின்ற பிறகு வருவதுதான் சிக்கல். பெருநிலத்துச் செபராங் பிறையில் ஒரு தாமானின், அதாவது வீடமைப்புப் பகுதியின், நுழைவாயிலுக்கு நாங்கள் ஒரு பலகை செய்துகொடுத்தோம். தாமான் பெயர் பெட்டிபோலப் புடைத்து நிற்கும் பாக்ஸ் அப் எழுத்தில், பக்கத்தில் பணம் கொடுத்தவரின் லைட் பாக்ஸ். மூன்று வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் அவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மின்சாரக் கட்டணம் அவர்கள் பெயரில் இருந்ததால் இணைப்பும் போனது. குடியிருப்பாளர்கள் லைட் பாக்ஸின் மேல் ஒரு பேனரைக் கட்டி மறைத்தார்கள். பேனர் வெயிலில் வெளுத்துக் கிழிந்தது. தாமான் பெயரில் இரண்டு எழுத்து விழுந்துவிட்டது. நான் செய்த எழுத்து அது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இன்றும் மனம் கஷ்டப்படுகிறது. ஒரு தாமானுக்கு இப்படி ஆனால் ஐம்பது குடும்பத்துக்கு வருத்தம். தீவின் வாசலுக்கு ஆனால் ஊருக்கே தலைகுனிவு.

வெல்ட் கீயில் விளம்பரத் திரை என்ற பேச்சே கூடாது. ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியத் தளம் ஆனது. சீனக் குலத்தவர் கடலோரத்தில் தூண்மேல் கட்டிய குலத்துறை வீடுகளும் பழைய கிட்டங்கிகளும் அதில் அடக்கம். பலகையின் அளவு, வெளிச்சம் எல்லாவற்றுக்கும் அந்தப் பகுதியில் கட்டுப்பாடு இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

மூன்றாவது வழி கொடையாளர். இது பினாங்குக்குப் புதிதே இல்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கிக் கோர்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் நடந்தால் எதிரே மணிக்கூண்டு. விக்டோரியா ராணியின் அறுபதாம் ஆட்சியாண்டுக்காக சியா சென் இயோக் என்ற செல்வந்தர் 35,000 டாலர் கொடுத்துக் கட்டினார். வருடத்துக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். 1897ல் தொடங்கிய வேலை 1902ல் முடிந்தபோது ராணி காலமாகியிருந்தார். கடல் வழியாக வந்தவர்களுக்கு நூறு வருடத்துக்கும் மேலாக இந்த ஊர் காட்டிய முகம் அதுதான். ஒரு தனி மனிதர் கொடுத்தது ஊரின் அடையாளமாகவே மாறிவிட்டது. கட்டியதோடு கொடை முடிந்தது. கடிகாரம் ஓடுவதற்கும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கும் பின்னால் வந்தவர்கள்தான் பொறுப்பு.

நம் கோயில்களில் இந்த வித்தியாசத்துக்கு இரண்டு சொல் உண்டு. உபயம் என்றால் ஒரு பொருளையோ ஒரு நாள் பூஜையையோ ஏற்பது. கட்டளை என்றால் ஒரு காரியம் தொடர்ந்து நடக்கப் பணமோ நிலமோ எழுதி வைப்பது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு இருக்கிறது. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழ ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், மந்தை குறையாது. ‘சாவா மூவாப் பேராடு’ என்றே கல்வெட்டுகளில் எழுதி வைத்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் விளக்கு வாங்கிக் கொடுத்தவரைவிட நெய்க்கு வழி செய்தவரைப் பெரிதாக நினைத்திருக்கிறார்கள். வரவேற்புப் பலகைக்குக் கொடையாளர் வந்தால் நான் கேட்பது இதுதான்: தரும் பணத்தில் பாதியைக் கட்டுவதற்குக் கொடுங்கள், மீதியை மன்றத்தின் தனிக் கணக்கில் போடுங்கள், அதன் வருமானத்தில் கழுவலும் விளக்கும் நடக்கட்டும். பெயர் பொறிக்க ஒரு கையகலத் தகடு போதும்.

நான்காவது, மன்றமே வரிப்பணத்தில் செய்வது. மெதுவாக நகரும், டெண்டர் வேண்டும், பட்ஜெட் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படும். ஆனாலும் பலகை யாருடையது என்ற சந்தேகமே வராது. பாலத்து வாசல்களுக்கு இதைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஒரு நிபந்தனையோடு: உயரமான கட்டுமானம் வேண்டாம். நெடுஞ்சாலை நிலம் முடிந்து மன்றத்து நிலம் தொடங்கும் இடத்தில், இடுப்பளவுச் சுவரில் எழுத்து, பின்னால் ஒரு வரிசை பாக்கு மரம். தீவுக்குப் பெயரே பாக்கிலிருந்து வந்தது, மாநிலக் கொடியிலும் அந்த மரம்தான். விருந்தாளி வந்தால் மலாய்க்காரர் வீட்டிலும் நம் வீட்டிலும் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் வரவேற்றிருக்கிறோம். இதைவிடப் பொருத்தமான வரவேற்பு எந்த டிசைனருக்குக் கிடைக்கும்?

எழுத்து எதில் செய்வது என்பதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. கடல் காற்றில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சில மாதத்திலேயே தேநீர்க் கறை போலப் பழுப்பு அடிக்கும். 316ல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். விலை கூடுதல்தான். விரலால் தடவிப் பார்த்தால் புதிதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் ஒப்பந்தத்திலேயே ரகத்தைக் குறிப்பிட வேண்டும். இத்தனை செய்தும் மழைநீர் தேங்கும் மூலையில் கறை வரும். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவினால் போகும்.

சரி, என்ன எழுதுவது? ‘பினாங்குக்கு நல்வரவு’ என்று மட்டும் குளுகோரில் எழுதினால் எனக்குக் கொஞ்சம் வலிக்கும். நான் பிறையில் பிறந்தவன். பாலம் ஏறும் முன்பே பினாங்கு மாநிலத்தில்தான் இருக்கிறேன். செபராங் பிறையும் 2019ல் மாநகரானது. ஆகவே பலகையில் ‘தீவு’ என்ற சொல்லோ ‘ஜார்ஜ்டவுன்’ என்ற பெயரோ இருக்கட்டும். மலாய் முதலில், பெரிதாக, அதில் மாற்றுக் கருத்து இல்லை. அதன் கீழே ஆங்கிலம், சீனம், தமிழ். ஜார்ஜ்டவுன் தெருப் பலகைகளில் 2008லேயே தமிழும் வந்துவிட்டது. வாசலில் வர என்ன தடை? இடம் போதாது என்பார்கள். பட்டறைக்காரன் கணக்கைச் சொல்கிறேன்: ‘செலாமத் டாத்தாங்’ ரோமன் எழுத்தில் பதின்மூன்று எழுத்து. தமிழில் ‘வருக’ மூன்றே எழுத்து. சுழியும் கொம்பும் தெளிவாகத் தெரிய நம் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வெட்ட வேண்டும், அப்படியும் பாதி அகலம் வராது.

நான்கு வாசலுக்கும் ஒரே வருடத்தில் பணம் கிடைக்காது. ஒன்றிலிருந்து தொடங்குவதென்றால் எல்லோரும் பாலத்தைக் காட்டுவார்கள், வாகனம் அதிகம் என்பதால். நான் ஃபெரித் துறையில் தொடங்குவேன். கார் ஏற்றிய பழைய ஃபெரிகள் 2020 கடைசியோடு நின்றன. 2023 ஆகஸ்ட்டில் வந்த புதியவற்றில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும்தான். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், மூட்டையோடு வரும் பாட்டிகள், எல்லோரும் கரையை நோக்கித்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய எழுத்தே வேண்டாம். இறங்கி நடக்கும் நடைபாதைச் சுவரில், கண் மட்டத்தில், 15 சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு மொழியில் ஒரு வரி போதும். மணிக்கூண்டைத் தந்ததுபோல் கடைத்தெருவின் ஒரு குடும்பமோ சங்கமோ அதைக் கட்டளையாக ஏற்கலாம். கழுவ வருகிறவருக்கு ஸ்கை லிஃப்ட் தேவையில்லை, தடத்தை அடைக்கத் தேவையில்லை. ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, மேல் வரிக்கு ஒரு சின்ன ஸ்டூல்.