ஜென்கின்ஸுடன் ஏழு வருடம்: திரையில் அடித்த டிக்கும் கோப்பில் எழுதிய வரியும்

நிரலைத் தானாகக் கட்டி, சோதித்து, வெளியிட உதவும் மென்பொருள் ஜென்கின்ஸ். அதில் என்னிடம் வந்த முதல் வேலை மிகச் சிறியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜாபை (ஜென்கின்ஸ் செய்ய வேண்டிய ஒரு வேலையின் அமைப்பு) நகலெடுத்து, ரெப்போவின், அதாவது நிரல் வைக்கும் களஞ்சியத்தின், முகவரியை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றினேன், நீல உருண்டை வந்தது. (அப்போது வெற்றிக்கு நீலம்தான் அடையாளம், பச்சை பிறகு வந்தது.) அந்த அமைப்புப் பக்கத்தில் வேறு எங்கெல்லாம் டிக் இருந்தது என்று அன்று நான் கீழே உருட்டிப் பார்க்கவில்லை. அடுத்த ஒரு வருடம் எனக்கு வந்த தொல்லைகளில் பாதி, நான் பார்க்காத அந்தப் பெட்டிகளிலிருந்து வந்தவை.

ஹட்சன் என்ற பெயரில் இருந்த மென்பொருள் 2011-இல் ஜென்கின்ஸ் ஆனது. அந்தக் காலத்து வாசனை, திரையில் படிவம் நிரப்பி அமைக்கும் ஃப்ரீஸ்டைல் வகை ஜாபின் அமைப்புப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. நாம் நிரப்பும் நீண்ட படிவம் முழுவதும் சர்வரில், அந்த ஜாபின் பெயரையே கொண்ட அடைவுக்குள் (ஃபோல்டர்), கான்ஃபிக்.எக்ஸ்எம்எல் என்ற ஒற்றைக் கோப்பாகப் போய் உட்காரும். அடுத்தவர் வந்து சேமித்தால் முன்பிருந்தது போயிற்று. ஜாப் கான்ஃபிக் ஹிஸ்டரி என்ற ப்ளக்-இன் (கூடுதல் வசதி தரும் இணைப்பு) போட்ட பிறகு யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது தெரிய வந்தது. ஏன் மாற்றினார்கள் என்பது அதிலும் தெரியவில்லை.

ஜாபின் பெயரே அடைவின் பெயராகிறது என்பதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்தேன். பில்ட் (ஜாபின் ஒவ்வொரு ஓட்டம்) ஓடும் பாதையிலும் இடைவெளி புகுந்தது, மேற்கோள் குறி போடாத ஷெல் ஸ்கிரிப்டுகள் (கட்டளைக் கோப்புகள்) வரிசையாக விழுந்தன. பெயரைத் திருத்தினேன். ஜாபின் முகவரியும் அதோடு மாறிவிட்டதால், பழைய முகவரியைக் குறித்து வைத்திருந்தவர்களிடம் தனியாக வசை வாங்கினேன்.

நேரம் குறிக்கும் பெட்டியில், தினமும் நள்ளிரவில் ஓடு என்ற பொருளில் "0 0 * * *" என்று எழுதுவது பழகிய கைக்கு எளிது. இருபது ஜாபுக்கும் அப்படியே எழுதினால் இருபதும் நள்ளிரவு அடித்ததும் ஒன்றாக எழுந்து சர்வரை மிதிக்கும். நிமிடத்தின் இடத்தில் 'ஹெச்' என்ற எழுத்தைப் போட்டால், ஜாபின் பெயரை வைத்து ஜென்கின்ஸே ஒரு நிமிடத்தைத் தேர்ந்துகொள்ளும். அது நாளுக்கு நாள் மாறாது, ஆனால் ஜாபுக்கு ஜாப் வேறுபடும். இவ்வளவு நல்ல வசதி, உதவிக் குறிப்பைத் திறந்து படிப்பவர் கண்ணுக்கு மட்டும் படும்படி வைத்திருக்கிறார்கள். பழைய பில்டுகளை நீக்கும் பெட்டியும் அப்படித்தான். நாமாக டிக் அடிக்காவிட்டால் எல்லா பில்டும் என்றென்றைக்கும் இருக்கும். வட்டு நிரம்பி எல்லா ஜாபும் நின்றுபோன நாளில்தான் நான் அந்தப் பெட்டியைத் தேடினேன்.

2016-இல் வந்த 2.0 பதிப்பு பைப்லைனை (படிகளை நிரலாகவே எழுதும் ஜாப் வகை) நடுவில் கொண்டுவந்து வைத்தது. அமைப்பை ஜென்கின்ஸ்ஃபைல் என்ற கோப்பில் எழுதி, நிரலோடு சேர்த்தே ரெப்போவில் வைக்கலாம். மாற்றத்தை ரெப்போவில் பதியும் கமிட் செய்தியில் காரணத்தையும் எழுதலாம். எங்கள் ஃப்ரீஸ்டைல் ஜாபுகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். அங்கேதான் பெரிய அடி விழுந்தது.

ஃப்ரீஸ்டைல் ஜாபில் 'தேவைப்பட்டால் ஒரே நேரத்தில் பல பில்டுகளை ஓட்டு' என்ற பொருளில் ஒரு பெட்டி உண்டு. அது காலியாகத்தான் இருக்கும், அதனால் பில்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பைப்லைனில் இருப்பது 'ஒரே நேரத்தில் ஓட்டாதே' என்ற பெட்டி. அதுவும் காலிதான். காலியான இரண்டு பெட்டிகளுக்கு நேரெதிர்ப் பொருள். இது தெரியாமல் வெளியீட்டு ஜாபை மாற்றிவிட்டேன். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு கமிட் வந்தன, இரண்டு பில்டும் தனித்தனி அடைவுகளில் ஓடின (இரண்டாவதன் அடைவுப் பெயரின் முடிவில் '@2' ஒட்டியிருந்தது). முதலில் தொடங்கியது கடைசியில் முடிந்தது, சர்வரில் பழைய பதிப்பே போய் நின்றது. இரண்டு பில்டும் வெற்றி என்று திரை சொன்னதால் அரை நாள் வேறெங்கோ தேடினோம். 'டிசேபிள் கன்கரன்ட் பில்ட்ஸ்' என்ற ஒரு வரிதான் தீர்வு. முந்தைய பில்டை நிறுத்திவிட்டுப் புதியதை ஓட்டும் தேர்வும் அதிலேயே இருக்கிறது. சோதனைகள் ஓட்டும் ஜாபுக்கு அது அருமை. வெளியீட்டு ஜாபுக்கு வேண்டாம், பாதியில் அறுந்த வெளியீடு பழைய பதிப்பைவிட மோசம்.

கோப்பில் எழுதினாலும் திரை முழுதாக விலகிவிடுவதில்லை. ஜென்கின்ஸ்ஃபைலில் ஒரு அளவுருவை (பில்டைத் தொடங்குபவரிடம் கேட்கும் மதிப்பு) புதிதாகச் சேர்த்தால், ஒருமுறை பில்ட் ஓடிய பிறகுதான் அதைக் கேட்கும் படிவம் திரையில் தெரியும். நேரக்குறிப்பும் அப்படியே, முதல் ஓட்டம் வரை பதிவாகாது. அவசரத்தில் யாரோ திரையில் அளவுருவின் இயல்பு மதிப்பைத் திருத்தினால், அடுத்த ஓட்டத்தில் கோப்பு அதைச் சத்தமில்லாமல் பழையபடி ஆக்கிவிடும். திருத்தியவர் தன் நினைவையே சந்தேகிப்பார். நானும் சந்தேகித்திருக்கிறேன்.

நேர வரம்பு பற்றிச் சுருக்கமாக: இயல்பாக எதுவும் இல்லை. இதே வேலையைச் செய்யும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் நாம் எதுவும் எழுதாவிட்டாலும் ஒரு ஜாப் 360 நிமிடத்தில் நிறுத்தப்படும். இங்கே தொங்கிப்போன பில்ட் நாள்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கலாம். எந்தப் பைப்லைனை எழுதினாலும் என் முதல் வரி இப்போது டைம்அவுட்தான்.

கடவுச்சொற்களை வைக்கும் பகுதியைக் குறை சொல்ல மாட்டேன், அதை நம்பும் விதத்தில்தான் பலரும் தவறுகிறோம். பில்ட் அச்சிடும் பதிவில் கடவுச்சொல் வந்தால் நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்படும், உண்மைதான். ஆனால் அதே சொல்லை வேறு வடிவத்துக்கு மாற்றி அச்சிட்டால் மறைப்பு வேலை செய்யாமல் போகலாம். ஷெல் கட்டளையை இரட்டை மேற்கோளில் எழுதினால், ஷெல்லுக்குப் போகும் முன்பே, ஜென்கின்ஸ்ஃபைல் எழுதப்படும் மொழியான க்ரூவி அந்த மதிப்பைக் கட்டளைக்குள் வைத்துவிடும். ஒற்றை மேற்கோளில் எழுதினால் ஷெல்தான் அதை எடுத்துக்கொள்ளும். இத்தனூண்டு குறியில் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், நிரல் சரிபார்க்கும்போது நான் முதலில் தேடுவதே மேற்கோள் குறியைத்தான்.

சர்வரின் பொது அமைப்புகளையும் இப்போது கான்ஃபிகரேஷன் ஆஸ் கோட் ப்ளக்-இன் மூலம் யாமல் என்ற வடிவத்தில் எழுதிய உரைக் கோப்பில் வைத்திருக்கிறோம். ஜாவா 17 கட்டாயமான பதிப்புக்கு மாறியபோது, அந்தக் கோப்பை வைத்து ஒரு சோதனைச் சர்வரை எழுப்பி, எந்த ப்ளக்-இன் முரண்டு பிடிக்கிறது என்று முன்கூட்டியே பார்க்க முடிந்தது. ப்ளக்-இன்களின் எண்ணிக்கையைக் குறைத்ததும் அப்போதுதான்.

புதிதாகத் தொடங்கும் சிறு குழு கேட்டால் ஜென்கின்ஸை நான் முதலில் சொல்ல மாட்டேன், பராமரிக்க ஒரு ஆள் வேண்டும். சொந்தச் சர்வரில்தான் பில்ட் ஓட வேண்டும், விசித்திரமான கருவிகளை இணைக்க வேண்டும் என்பவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன். எங்களிடம் இன்னும் மூன்று ஃப்ரீஸ்டைல் ஜாபுகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், பில்டைத் தொடங்கும் முன் காத்திருக்கும் நேரம் 5 வினாடி என்ற இயல்பிலிருந்து 900 ஆக மாற்றப்பட்டிருக்கிறது. வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டு முறை குறைத்துப் பார்க்கலாம் என்று பக்கத்தைத் திறந்தேன், இரண்டு முறையும் சேமிக்காமல் மூடிவிட்டேன்.